மூத்தவளும் சின்னவளும்

செப்டம்பர் 4

அண்ணா,

தொலைபேசியை நீ எடுப்பதில்லை. அண்ணியிடம் கேட்டால், "பக்கத்துலதான் உக்காந்திருக்கார், ஆனா இல்லன்னு சொல்லச் சொல்றார்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் ஒரு முறை படித்துவிட்டுக் கிழி.

எனக்கு ஒரு கோழிப் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது. நாற்பதாயிரம் நோயாளிகள், ஒருத்திக்கும் பெயர் கிடையாது. ஒரு கோழி தலை தொங்கி உட்கார்ந்துவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை. எடுத்து வாளியில் போட்டுவிட்டு மற்றவற்றுக்குத் தண்ணீரில் மருந்து கலக்க வேண்டும், அவ்வளவுதான். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்திருக்கிறேன். நாள் முழுக்க டியூபுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்கும். பழகிவிட்டது.

சின்னவள் எப்படி இருக்கிறாள்? ஏழு மாதம் முடிந்திருக்கும். பாலை நிறுத்திவிட்டாயா? எலும்போடு கொடுக்கிறாயா, இல்லை இன்னும் குழந்தை மாதிரி சதையைக் கிள்ளி ஊட்டுகிறாயா? அவளை எடை போடும்போது வாலைத் தராசுக்கு வெளியே தொங்க விடாதே. அவள் வாலே கால் கிலோ இருக்கும்.

ஜூலை பன்னிரண்டைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் பொய்யாகத் தெரிகிறது. மூத்தவள் என் மேசையில் செத்தாள். மருந்து கொடுத்தது நான், அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. சின்னவளுடைய எடையை மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்.

பாப்பா

*

செப்டம்பர் 15

டாக்டரம்மாவுக்கு,

பாப்பா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அந்தப் பேரை வைத்தவன் நான். நான் கூப்பிடாமல் நீயே போட்டுக்கொள்ளாதே.

பதினோரு வருடம் மூத்தவளுக்குச் சோறு போட்டவன் நான். உனக்கு அவள் ஒரு கேஸ். இந்த மேகச்சிறுத்தைகள் காட்சிச் சாலைகளில் எத்தனை மிச்சம், காட்டில் எத்தனை மிச்சம் என்று நீ விரல்விட்டு எண்ணிச் சொல்வாய். எனக்கு ஒருத்திதான். அந்தக் காலத்தில் ஆணோடு சேர்க்கிறோம் என்று பெரிய மனிதர்கள் கதவைத் திறந்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் அவன் அவள் கழுத்தைக் கவ்வினானே, அப்போது தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடியது யார்? நான்தான். பாதிக் காது போய்விட்டது. மூன்று மாதம் யாரையும் பக்கத்தில் விடவில்லை, என்னைத் தவிர.

"இனிமே ஆண் வேண்டாம்ண்ணா, ஊசி வழியாவே குட்டி உண்டாக்கலாம்" என்று நீ வந்து சொன்னபோது இந்த ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நான். முதல் தடவை நடந்தது, சின்னவள் பிறந்தாள். மூத்தவள் அவளை நக்கிக்கூடப் பார்க்காமல் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாள், நாம்தான் எடுத்துப் புட்டிப்பால் கொடுத்தோம். அதோடு விட்டிருக்கலாம். இரண்டாவது தடவை யார் கேட்டார்கள்? "இன்னொரு குட்டி வந்தா பெரிய விஷயம்ண்ணா" என்றாய். யாருக்குப் பெரிய விஷயம்? உன் பேருக்குத்தான்.

இயக்குநர் அறையில் எல்லார் முன்னாலும் "என் தங்கச்சிதான் கொன்னா" என்று சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன். நீ எழுதிய அறிக்கையிலும் அதுதானே இருக்கிறது, மருந்தின் அளவைத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று.

இனிமேல் எழுதாதே.

எடை ஏழு கிலோ இருநூறு. உன் அண்ணி எழுதச் சொன்னாள்.

*

அக்டோபர் 2

அண்ணா,

ஏழு கிலோ இருநூறு என்ற வரியைப் பத்து தடவை படித்தேன். மற்ற வரிகளையும் படித்தேன். நீ சொன்னதில் பாதி சரி. பேர் வர வேண்டும் என்று எனக்குள்ளும் ஒரு ஆசை இருக்கத்தான் செய்தது.

எழுதாதே என்றாய். அண்ணி ஒரு சேதி சொன்னதால் மீறுகிறேன். சின்னவளுக்கு ஒரு வயது ஆவதற்குள் ஜோடி சேர்த்துவிட வேண்டுமாமே. தூரத்தில் இருக்கும் ஒரு விலங்குக் காட்சிச் சாலையில் அவள் வயதிலேயே ஒரு ஆண் குட்டி இருக்கிறதாம். ஜனவரியில் அவளை அங்கே கொண்டுபோகிறார்களாம். நீயும் கூடப் போய், அவள் பழகும்வரை ஒரு மாதம் தங்குவாய் என்றார். கேட்டதும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? குட்டியிலேயே சேர்ந்து வளர்ந்தால் அவன் அவளைக் கடிக்க மாட்டான். மூத்தவளுக்கு நடந்தது அவளுக்கு நடக்காது.

போவதற்கு முன்னால் மயக்க மருந்து கொடுத்து உடல் பரிசோதனை செய்வார்கள். அதற்கு முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அவள் வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாய்கூட. அவள் எவ்வளவு கத்தினாலும் சரி. கூண்டுக்குள் வரவில்லை என்றாலும் சரி, வரும்வரை காத்திருக்கச் சொல்.

(இதற்குக் கீழே மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே. ஒன்றுமில்லை.)

தங்கை

*

நவம்பர் 6

பாப்பா,

நேற்று சின்னவளுக்குப் பரிசோதனை நடந்தது. நல்லபடியாக முடிந்தது, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ பயந்துகொண்டே படிப்பாய்.

உன் இடத்துக்கு ஒரு சின்னப் பையன் வந்திருக்கிறார். டாக்டர்தான், ஆனால் மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. சின்னவள் காலையிலிருந்து வலையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"டாக்டர், பாவம், நேத்து சாயங்காலத்துல இருந்து பட்டினி. ஒரு வாய் குடுத்தா என்ன ஆயிடப் போகுது?" என்று கேட்டேன்.

"ஒரு வாயா? அந்த ஒரு வாய்தான் ஆளையே முடிச்சிடும்" என்றார். "மயக்கத்துல இருக்கும்போது வாந்தி வந்தா அதுக்கு முழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது. நேரா மூச்சுக்குழல்ல இறங்கிடும். அப்புறம் யார் வந்தும் ஒண்ணும் பண்ண முடியாது."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டார். நான் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

பதினோரு வருடமாக "வெறும் வயிறு, வெறும் வயிறு" என்று கேட்டிருக்கிறேன். மருந்து சீக்கிரம் பிடிப்பதற்காக என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். ஜூலை பன்னிரண்டாம் தேதி காலை மூத்தவள் நெருக்குக் கூண்டுக்குள் வரவே மாட்டேன் என்றாள். ஊசி போட வேண்டுமானால் அந்தச் சின்னக் கூண்டுக்குள் வந்துதானே ஆக வேண்டும். அரை மணி நேரம் கெஞ்சினேன். நீ இரண்டு தடவை கதவைத் தட்டி, "இன்னும் வரலையா? சீக்கிரம்ண்ணா, நேரம் போகுது" என்றாய். தீனி அறையில் காடை வெட்டி வைத்திருந்தது. ஒரே ஒரு தொடைதான். அதைக் காட்டினேன், வந்தாள். கொடுத்தேன். இரண்டு கடியில் முடித்துவிட்டு என்னைப் பார்த்து மூக்கால் புர்ர் என்று ஊதினாள். கதவை இறக்கினேன்.

நீ வந்து, "எதுவும் குடுத்தியா?" என்று கேட்டாய்.

"இல்ல" என்றேன்.

ஒரு தொடை எல்லாம் ஒரு தீனியா என்று நினைத்தேன் பாப்பா. உன்னிடம் திட்டு வாங்க வேண்டாமே என்றும் நினைத்தேன்.

அவள் உள்ளே என்ன ஆனாள் என்று நீ திறந்து பார்த்தவள். மருந்துதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். என்ன பார்த்தாய்? மறைக்காமல் எழுது. போன கடிதத்தில் அடித்துவிட்ட மூன்று வரியை எழுது.

அண்ணன்

*

நவம்பர் 13

பாப்பா,

ஏழு நாள் ஆயிற்று. நீ பதில் எழுதவில்லை. அதுவே பதில் என்று புரிந்துவிட்டது.

உன் அண்ணி மூன்று நாளாக என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேற்று, "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். என் தட்டை எடுத்துக் கழுவினாள். அப்புறம் சொன்னாள், "அந்தப் பொண்ணு இந்த வீட்டு வாசப்படில நின்னுட்டுத் திரும்பிப் போச்சே, நீங்க கதவைக்கூடத் திறக்கலையே." அது எனக்கு மறந்தே போயிருந்தது. மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

இன்று காலை வேலைக்குப் போனதும் நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. காடை கொடுத்ததைச் சொன்னேன். நீ கேட்டதற்கு இல்லை என்று பொய் சொன்னதைச் சொன்னேன். "என் தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல சார். என்னைக் காப்பாத்தத்தான் அப்படி எழுதிட்டா. அவளைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன், இரண்டு பக்கம்.

ஜூலைக்குப் பிறகு இன்றைக்குத்தான் மூச்சு முழுசாக வருகிறது. என்னைச் சிறுத்தைகள் பக்கமிருந்து எடுத்துவிடுவார்கள், தெரியும். சின்னவளோடு போக முடியாது, அதுவும் தெரியும். அது எனக்கு வேண்டிய தண்டனைதான். ஆனால் உன் பேர் சுத்தமாகிவிட்டது. துணிமணியைக் கட்டி வை. கோழிகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணன்

*

நவம்பர் 14

அண்ணா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். ஒரு வாரமாக வேறொரு பண்ணையில் இருந்தேன், அங்கே கோழிகளுக்கு நோய் வந்துவிட்டது. இன்றைக்குத் திரும்பினேன். உன் ஆறாம் தேதிக் கடிதம் கதவுக்கடியில் கிடந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன்.

மறைக்காதே என்றாய். மறைக்கவில்லை.

மூச்சுக்குழலைத் திறந்தபோது சதைத் துணுக்கு இருந்தது. விரல் நகம் அளவு. கூடவே ஒரு சின்ன இறகு. நீ கதவுக்கு வெளியே சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இதை உன்னிடம் சொன்னால் நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று தோன்றியது. நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். அந்த இறகைக் கழுவிவிட்டேன் அண்ணா. அறிக்கையில் மருந்தின் அளவு என்று எழுதினேன்.

இதை நான் செய்த தியாகம் என்று நினைத்துவிடாதே. அடித்துவிட்ட மூன்று வரியில் இருந்தது வேறு. "இல்ல" என்று நீ சொன்னபோது உன் கை காற்சட்டையின் பின்பக்கம் போயிற்று. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் உன் கை அங்கேதான் போகும். எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எங்கிருந்தோ உறைய வைத்து அனுப்பிய ஆண் சிறுத்தையின் விந்தை நான் அதற்குள் உருக்கிவிட்டிருந்தேன். மறுபடி உறைய வைக்க முடியாது. இன்னொரு முறை கிடைக்க ஒரு வருடம் ஆகும். அந்த நேரத்தில் உன்னை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதனால் நம்பினேன். ஒரு வார்த்தை, "அண்ணா, உண்மையைச் சொல்லு" என்று இன்னொரு முறை கேட்டிருந்தால் மூத்தவள் இன்றைக்கு மரத்தில் படுத்திருப்பாள்.

அதனால் அவளைக் கொன்றது நீ மட்டும் இல்லை. நாம் இரண்டு பேரும்தான்.

இப்போது முக்கியமான விஷயம். இதை யாரிடமும் சொல்லாதே. இயக்குநரிடம் கண்டிப்பாகச் சொல்லாதே. கை தவறி ஒரு உயிர் போனால் மருத்துவரைத் திட்டுவார்கள், வேலையை விட்டு அனுப்புவார்கள். ஆனால் தெரிந்தே பொய்யான பிரேத அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் பதிவையே பறித்துவிடுவார்கள். பிறகு நான் மருத்துவராகவே இருக்க முடியாது, கோழிக்குக்கூட. நீயும் சின்னவளோடு போக முடியாது. அவளுக்கு உன்னைத் தவிர யாரையும் தெரியாது. அவளுக்காகவாவது வாயை மூடிக்கொண்டு இரு. ஜனவரியில் அவளோடு போ. அவள் நன்றாகப் பழகிவிட்டாள் என்று ஒரு வரி எழுது. அது போதும் எனக்கு.

தபால்பெட்டி திறக்கும் நேரமாகிவிட்டது. ஓடுகிறேன்.

உன் பாப்பா

*

நவம்பர் 29

அண்ணா,

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் வந்தது. மருத்துவர் பதிவுக் கழகத்தின் கடிதம் இன்று வந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து இணைத்திருக்கிறார்கள். உன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது! ஒரு எழுத்துகூட அடித்துத் திருத்தவில்லை.

ஏன் இரண்டு நாள் பொறுக்கவில்லை? இரண்டே இரண்டு நாள்.

இன்னும் எழுதினால் அசிங்கமாக எழுதிவிடுவேன். நிறுத்துகிறேன்.

*

ஜனவரி 20

பாப்பா,

ஐந்து கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், எதையும் அனுப்பவில்லை. இதை அனுப்பச் சொல்லி உன் அண்ணி தலைமாட்டில் நிற்கிறாள்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் போனேன். இயக்குநரிடம் மறுபடி போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன், அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போடுங்கள் என்று. "மறைச்சா நானும் மாட்டிப்பேன்பா" என்றார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னை வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். வருகிற வண்டியின் எண்ணை எழுதிக்கொண்டு கதவைத் திறந்துவிட வேண்டும். சிறுத்தைகள் இருக்கும் பக்கம் போகக் கூடாது. புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள், நல்ல மனிதர்தான். ஆனால் சின்னவள் அவர் கையால் சாப்பிடவில்லை. காலையில் நான் வாசலில் யாரோடாவது பேசினால் என் குரல் அவளுக்குக் கேட்டுவிடும், கூண்டு முழுக்க ஓடுவாள், அந்தக் கம்பிச் சத்தம் எனக்குக் கேட்கும். அதனால் வேலை நேரத்தில் பேசுவதையே விட்டுவிட்டேன். வண்டிக்காரர்கள் என்னை ஊமை என்று நினைக்கிறார்கள்.

நேற்று அவளைக் கொண்டுபோனார்கள். பயணப் பெட்டிக்குள் அவள் போகவில்லை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியம் ஆகிவிட்டது. கடைசியில் புதியவர் வாசலுக்கு வந்தார்.

"உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க. நீங்க கூப்பிட்டாத்தான் வருவா" என்றார்.

போனேன். அறுபத்தேழு நாளாகப் பார்க்கவில்லை. வளர்ந்துவிட்டாள் பாப்பா. மேலே பலகையில் பின்னால் திரும்பிப் படுத்திருந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து, "வாடி கண்ணு" என்றேன். ஒரே தாவில் இறங்கினாள். பெட்டிக்குள்ளே ஓடி வந்து இந்தப் பக்கக் கம்பியில் முகத்தை வைத்து ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் பின்னால் கதவை இறக்கினார்கள். அந்தச் சத்தத்துக்குக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் என் தோளைத் தட்டி, "நல்ல வேலை பண்ணீங்க" என்றார்.

வண்டி வாசலுக்கு வந்தது. கதவைத் திறந்துவிட வேண்டியவன் நான்தானே. எண்ணை எழுதிக்கொண்டு திறந்துவிட்டேன்.

விசாரணை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அண்ணியிடமும் நீ பேசுவதில்லை. பாப்பா, வீட்டுக்கு வா. உன் அறை அப்படியே இருக்கிறது. கதவை நானே திறப்பேன்.

அண்ணன்

*

பிப்ரவரி 18

அண்ணா,

இரண்டு வருடத்துக்குப் பதிவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கெஞ்சி எழுதினால் யோசிப்பார்களாம். பண்ணை வேலை போய்விட்டது, பதிவு இல்லாத மருத்துவர் அவர்களுக்கு எதற்கு? இப்போது ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் நிற்கிறேன். நாய்க்குக் கழுத்துப் பட்டை, மீன் தொட்டிக்குக் கூழாங்கல். ஒரு அம்மா தன் பூனை இருமுகிறது என்றார். என்ன நோய் என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. "டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய் அறிக்கை ஆகிவிடும். கோபம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் வருகிறது. பிறகு உன் முகம் வருகிறது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குப் போய்விடுகிறேன்.

வீட்டுக்கு வர என்னால் முடியாது. இப்போது முடியாது. அந்த வாசப்படியில் ஏற எனக்குக் கால் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் பேருந்தில் போய்ச் சின்னவளைப் பார்த்தேன். எல்லாரையும் போல நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நான் யாரென்று சொல்லவில்லை. பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் நிஜ மரங்கள். ஒரு குழந்தை கண்ணாடியைத் தட்டியது, காவலர் அதட்டினார். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் மேல் கிளையில் படுத்திருந்தாள், நான்கு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு. அவன் அவளைவிட இரண்டு மடங்கு பெரியவன். அவள் முதுகில் தலையை வைத்துத் தூங்கினான். அவள் கழுத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இரண்டு மணி நேரம் நின்றேன். நடுவில் எழுந்து, அவன் காதை நக்கிவிட்டு, மறுபடி படுத்தாள்.

தீனி வைக்க வந்தவரிடம் யாரோ போல விசாரித்தேன். "வந்த புதுசுல ஆறு நாள் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலைங்க. யார் குரல் கேட்டாலும் கதவுப் பக்கம் ஓடி வந்து நிப்பா. யாரையோ தேடினா. இப்போ விட்டுட்டா" என்றார். இப்போது எலும்போடு சாப்பிடுகிறாளாம். அடுத்த வருடம் குட்டி போடலாம் என்கிறார்கள். தானாகவே, ஊசி இல்லாமல்.

என்னைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக நேராகப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் நின்ற பலூன்காரரையும் அதே மாதிரிதான் பார்த்தாள்.

உன்னிடம் இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் சொல்லாவிட்டால் உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

மார்ச் முதல் ஞாயிறு மறுபடி போகிறேன். பத்து மணிக்குச் சீட்டு கொடுக்கும் இடத்தில் நிற்பேன். உனக்கும் ஒன்று வாங்கி வைக்கிறேன். வந்தால் வா. என்னோடு பேச வேண்டும் என்று இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். மெல்லிசான கண்ணாடிதான், பேசினால் உள்ளே கேட்கும்.

அவளைக் கூப்பிட மட்டும் கூப்பிடாதே அண்ணா. நீ கூப்பிட்டால் இறங்கி வந்துவிடுவாள்.

பாப்பா